ஊர்ப் பாலங்களை வரையவும் புரிந்துகொள்ளவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறை, மார்த்தாண்டம், திருவட்டாறு வட்டாரத்திலும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை போகும் பாதையிலும், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதியது. ஓவிய ஆசிரியர்கள் கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். பொறியியல் படித்தவர்கள் வரையும் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அங்கேதான் பாதிப் பாடம் இருக்கிறது.

வரைவதற்கு எத்தனையோ இருக்க, ஏன் பாலம்?

வீட்டில் சுமை தாங்கும் உத்திரமும் தூணும் பூச்சுக்குள்ளே மறைந்திருக்கும். பாலத்தில் அப்படியல்ல. எது தாங்குகிறது, எது தொங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்பதெல்லாம் வெளியே தெரியும். மேலே போகும் பேருந்தின் எடை எந்த வழியாக ஆற்று மண்ணுக்கு இறங்குகிறது என்ற ஒரே கேள்வியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி இல்லாமல் வரைந்தால் அழகான படம் கிடைக்கும், பாலம் கிடைக்காது.

எந்தப் பாலத்தில் தொடங்குவது?

பெரிய பாலத்தில் தொடங்கக் கூடாது. பள்ளிக்குப் பக்கத்தில் வாய்க்காலின் குறுக்கே தென்னந்தடி போட்டிருந்தால் அதுவே முதல் பாடம். இரண்டு கரை, நடுவில் ஒரு தடி; உத்திரப் பாலத்தின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது. பிள்ளை ஒருவன் நடுவில் போய் நின்றால் தடி எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கரையில் நட்ட அளவுகோலை வைத்துக் கண்ணாலேயே பார்க்கலாம். கரையோரமாக நின்றால் தாழ்வு மிகக் குறைவு. ஏன் என்று அப்போதே விளக்க வேண்டாம், தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதாகச் சாலையோரக் கலுங்கு (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலம்) அல்லது சப்பாத்து. வெள்ளம் வந்தால் தண்ணீர் மேலேறிப் போகட்டும் என்றே தாழ்வாகக் கட்டிய தரைப்பாலத்தைத்தான் குமரி மேற்கில் சப்பாத்து என்கிறோம். அதன் பக்கவாட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாததும், இருந்தாலும் குட்டையான கற்களாக இடைவெளி விட்டு நிற்பதும் ஏன் என்று கேளுங்கள். சுவர் வைத்தால் வெள்ளம் மரக்கிளையையும் குப்பையையும் கொண்டுவந்து அங்கே அடைக்கும். அடைத்தால் தள்ளும் விசை பல மடங்கு கூடும்.

அதன்பிறகு பெரியவற்றுக்குப் போகலாம். இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் இருக்கும் பாலவகைகள் ஒரு நாள் பயணத் தூரத்தில் நிஜமாகவே நிற்கின்றன. தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே கழுதுருட்டி அருகில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம் கருங்கல் வில்வளைவுகளால் ஆனது. 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில்பாதையைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் முடிந்த, தளம் சங்கிலியில் தொங்கும் தூக்குப்பாலம், ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அமைத்தது. திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே தொட்டியில் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம், காமராஜர் முயற்சியால் எழுந்து 1966-இல் முடிந்தது: 28 தூண்கள், மிக உயர்ந்த இடத்தில் 115 அடி. எஃகு உத்திரம் பார்க்க மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றாலே போதும்.

எந்த மாதத்தில் கூட்டிப்போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை ஆறு எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. நீர் வற்றிய காலத்தில் தூணின் அடிப்பகுதி வெளியே தெரியும். அதைப் பார்க்காமல் பாலத்தை வரைவதில் பாதிப் பயன் போய்விடும். செங்கோட்டைப் பக்கத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று தாளைப் பிய்த்துக்கொண்டு போகும். காலை 7 முதல் 10 மணி வரை நல்ல வெளிச்சம், நிழலும் சரிந்து விழும், தூணின் பருமன் தெரியும்.

என்னென்ன பொருட்கள் வேண்டும்?

ஒரு பிள்ளைக்கு: ஏ3 அளவுத் தாள் 3, அதைவிடச் சற்றுப் பெரிய கெட்டி அட்டை அல்லது ஒட்டுப்பலகை, நான்கு கிளிப், எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, 30 செ.மீ. அளவுகோல், அழிப்பான். ஐந்து பேர் குழுவுக்கு: 30 மீட்டர் அளவு நாடா, 20 மீட்டர் சணல் கயிறு, தூக்குக்குண்டாக ஒரு பெரிய நட்டு, கோணமானி, சாக்கட்டி, சிவப்பு, நீல மெழுகுப் பென்சில். வண்ணப்பெட்டியை முதல் நாள் கொண்டுபோகாதீர்கள். கையில் வண்ணம் இருந்தால் ஆறும் தென்னையும் வானமும்தான் வரும், தூண் வராது.

நாடா எட்டாத பாலத்தை எப்படி அளப்பது?

திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடித் தூண்கள் சம இடைவெளியில் இருக்கும். ஒரு இடைவெளியை மட்டும் அளந்து எண்ணிக்கையால் பெருக்கலாம். ஆனால் மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும், ஏனென்றால் பாலத்தின் இரு நுனியிலும் கடைசி இடைவெளி பெரும்பாலும் குறைந்தோ கூடியோ இருக்கும். காலடியால் அளப்பதாக இருந்தால் முதலில் 20 மீட்டரை நாடாவால் குறித்து, பிள்ளை அதை எத்தனை அடியில் நடக்கிறான் என்று பாருங்கள். 32 காலடி என்றால் ஒரு காலடி 62.5 செ.மீ. ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வேறு. ஒருவன் கணக்கை மற்றவன் வாங்கினால் எல்லாம் தப்பும்.

மேல்தளத்திலிருந்து நீர்மட்டம் வரை ஆழம் பார்க்கக் கயிற்றில் நட்டைக் கட்டி இறக்குங்கள். கயிற்றை இறக்குவது பெரியவர் வேலை. ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு முன்கூட்டியே போட்டு வைத்தால் வேலை சுலபம்.

தூணின் உயரம்?

சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை முக்கோணம் கிடைக்கும். அடிப்பக்கத்தைக் கிடையாக வைத்துச் சாய்ந்த விளிம்பு வழியாகத் தூணின் உச்சியைப் பாருங்கள். உச்சி சரியாக விளிம்பில் வரும்வரை பின்னால் நடங்கள். அப்போது தூணுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் தூணின் உயரம். அடிப்பக்கம் கிடையாக இருக்கிறதா என்பதை மூலையில் தொங்கவிட்ட நூல் சொல்லும்.

இது சமதரையில் மட்டும்தான் சரிவரும். மாத்தூரில் நீங்கள் பின்னால் நடக்க நடக்கத் தரையும் ஏறும், உயரம் குறைந்து வரும். அங்கே பள்ளத்திலிருந்து மேலே போகும் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்: ஐந்தாறு படிகளின் உயரத்தை அளந்து சராசரி எடுத்து, மொத்தப் படிகளை எண்ணிப் பெருக்குங்கள்.

வரைவதில் எது முதல், எது பிறகு?

முதலில் நேர்ப்பார்வை, அதாவது ஆற்றுக்குள் நின்று பாலத்தின் பக்கவாட்டை நேராகப் பார்ப்பதுபோன்ற முகப்புப் படம். தூரப்பார்வை, சாய்கோணம் எல்லாம் பிறகு.

தாளைக் கிடையாக வைத்து மூன்று கோடுகள் போடச் சொல்லுங்கள்: மேல்தளக் கோடு, நீர்மட்டக் கோடு, தரைக்கோடு. முதல் இரண்டும் நேர்க்கோடுகள். மூன்றாவது நேராக இருக்கவே இருக்காது. கரையிலிருந்து சரிந்து, ஆற்றின் நடுவில் ஆழ்ந்து, மறுகரையில் ஏறும். பிள்ளைகள் இதைத் தட்டையாகப் போட்டுவிட்டால் எல்லாத் தூணும் ஒரே உயரமாகிவிடும். அடுத்து ஒவ்வொரு தூணுக்கும் நடுக்கோடு மட்டும் மெல்லியதாக. எல்லா நடுக்கோடும் போட்டு, இடைவெளி சரிபார்த்த பிறகே தூணுக்கு அகலம் கொடுக்க வேண்டும். ஒரு தூணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பிள்ளைக்குக் கடைசி இரண்டு தூணுக்குத் தாளில் இடம் இருக்காது.

பிறகு கல்லை வரையாமல் வெற்றிடத்தை வரையச் சொல்லுங்கள். கண் என்று நாம் சொல்வதே அந்தத் திறப்பைத்தான். திறப்பின் வடிவம் சரியாக வந்தால் சுற்றியுள்ள கல் தானாகச் சரியாகிவிடும். கல் அடுக்குகளை ஒரு வளைவில் மட்டும் காட்டினால் போதும். பதின்மூன்றிலும் ஒவ்வொரு கல்லாகப் போடுவது கைக்குத் தண்டனை.

அளவுத்திட்டம்: பதின்மூன்று கண் பாலத்தை 1:300 என்று வைத்தால் ஏறத்தாழ 33 செ.மீ. வரும், 42 செ.மீ. நீளமுள்ள ஏ3 தாளில் ஓரம் விட்டு அடங்கும். மாத்தூருக்கு 1:200 நல்லது. 115 அடி என்பது 35 மீட்டர், தாளில் 17.5 செ.மீ. நீளம் ஒரு தாளில் அடங்காது. தூண்களைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேல்தளக் கோடு தாளின் மேல் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்பதை எல்லாக் குழுவுக்கும் முன்னதாகவே ஒன்றாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும்போது தொட்டி படிப்படியாக இறங்கும்.

அரைவட்டம் அல்லாத வளைவைக் காம்பஸால் எப்படி வரைவது?

வளைவின் அகலத்தையும், கால் தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி வரை உள்ள எழுச்சியையும் அளங்கள். ஆரம் = (அகலம் × அகலம்) ÷ (8 × எழுச்சி) + எழுச்சியில் பாதி. அகலம் 6 மீட்டர், எழுச்சி 1.5 மீட்டர் என்றால் 36 ÷ 12 = 3; அதோடு 0.75, ஆரம் 3.75 மீட்டர். 1:50 அளவில் காம்பஸை 7.5 செ.மீ. விரிக்க வேண்டும். ஊசியை வைக்கும் புள்ளி வளைவின் நடுக்கோட்டில், உச்சியிலிருந்து 7.5 செ.மீ. கீழே.

பிள்ளைகள் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள்?

மேல்தளத்தை ஒற்றைக் கோடாகப் போட்டுவிடுவார்கள். அது உத்திரமும் பலகையுமாக நல்ல தடிமன் உள்ளது. அந்தத் தடிமனில்தான் பாலத்தின் வலுவே இருக்கிறது. வளைவுகளைத் தனித்தனியாக நிற்க வைப்பார்கள். பக்கத்து வளைவுகள் இரண்டும் ஒரே தூணின் தலையில்தான் வந்து உட்காரும். தூக்குப்பாலச் சங்கிலியை 'வி' போலக் கூராக இறக்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தூணை நீர்மட்டத்தோடு நிறுத்திவிடுவது. தண்ணீர் எதையும் தாங்காது. நீருக்குக் கீழே, மண்ணுக்குக் கீழே என்ன இருக்கும் என்று ஊகித்துப் புள்ளிக்கோட்டில் வரையச் சொல்லுங்கள்.

இழுவிசை, அமுக்குவிசை என்றால் சின்னப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

மெத்தைக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சில் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். பக்கவாட்டில் 2 செ.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடு பேனாவால் போடுங்கள். இரு புத்தகங்களுக்கு நடுவே வைத்து மேலிருந்து விரலால் அழுத்தினால், மேல் பக்கம் கோடுகள் நெருங்கும். கீழ்ப் பக்கம் விலகும். நெருங்குவது அமுக்குவிசை, விலகுவது இழுவிசை. நடுவில் ஒரு மட்டத்தில் இடைவெளி மாறவே மாறாது. அந்த மட்டத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால்தான் கொத்தனார் உத்திரத்தில் முக்கியமான கம்பியைக் கீழ்ப் பக்கம் கட்டுகிறார். ஊரில் எங்காவது சென்ட்ரிங் போட்டுக் கம்பி கட்டும் வேலை நடந்தால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் ஒரு முறை வெளியே நின்று பார்க்கவைத்துவிடுங்கள்.

இதன் பிறகு வரைந்த படத்தை எடுத்து, அமுங்கும் பகுதிக்குச் சிவப்பு, இழுபடும் பகுதிக்கு நீலம் பூசச் சொல்லுங்கள். கல் வளைவு முழுக்கச் சிவப்பு. தூக்குப்பாலத்தில் சங்கிலியும் தொங்குகம்பிகளும் நீலம், கோபுரம் சிவப்பு. உத்திரம் மேலே சிவப்பு, கீழே நீலம். வண்ணத்துக்கு இப்போதுதான் வேலை வருகிறது.

உத்திரம் ஏன் அகலமாக இல்லாமல் உயரமாக இருக்கிறது?

3 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள மர அளவுகோலைப் படுக்க வைத்து வளையுங்கள், பிறகு நிமிர்த்தி விளிம்பில் வைத்து வளையுங்கள். நிமிர்த்தினால் வளையாத்தன்மை 100 மடங்கு. மரம் அதேதான், எடையும் அதேதான். ஏ4 தாளில் 1.5 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக விசிறிபோல் மடித்து 20 செ.மீ. இடைவெளியில் வைத்தாலும் இதையே காட்டலாம். எடைக்கு 2011 முதல் 2018 வரை வந்த 5 ரூபாய் நாணயங்கள் வசதி, ஒன்று 6 கிராம்.

கல் வளைவின் மாதிரியைச் செய்தால் சரிந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

தெர்மகோலில் செய்திருப்பீர்கள். அது எடையில்லாமல் வழுக்கும். களிமண் காயும்போது சுருங்கி, கல்லுக்குக் கல் அளவு மாறும். நம் ஊரில் ரப்பர் மரத்துண்டு மலிவு. ஆசாரியிடம் கொடுத்து 9 ஆப்புகள் வெட்டுங்கள். அரைவட்டம் 180 பாகை, ஆப்பு ஒன்றுக்கு 20 பாகை. உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 14 செ.மீ. என்றால் ஒவ்வொரு ஆப்பின் உள்விளிம்பு 3.5 செ.மீ., வெளிவிளிம்பு 4.9 செ.மீ., இரண்டுக்கும் நடுவே உயரம் 3.9 செ.மீ. தடிமன் 5 செ.மீ. இருந்தால் நன்றாக நிற்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் உச்சியில் ஒரு நடுக்கல் வரும். பக்கங்களைப் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள், உராய்வு வேண்டும்.

வளைவு தானாக நிற்கும்வரை கற்களைத் தாங்கும் தாங்குபலகைக்கு 10 செ.மீ. ஆரத்தில் இரண்டு அட்டை அரைவட்டங்கள், நடுவே அட்டைத் துண்டுகள். இதன் அடியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாணயம் வையுங்கள். வளைவின் கால்களுக்கு இரு பக்கமும் புத்தகங்களை அண்டை கொடுத்து, இரு கரையிலிருந்தும் மாறி மாறிக் கல் அடுக்கி, நடுக்கல்லைக் கடைசியாக வைத்த பிறகு, முதலில் நாணயங்களை உருவ வேண்டும். தாங்குபலகை மூன்று நான்கு மி.மீ. இறங்கும், கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும், பிறகு பலகையை வெளியே இழுக்கலாம். நாணயம் இல்லாமல் நேரடியாக இழுத்தால் பலகை கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நிஜக் கட்டுமானத்திலும் தாங்குசட்டத்துக்கு அடியில் ஆப்பு வைத்து மெல்ல இறக்குவது இதற்காகத்தான்.

நின்ற பிறகு இரு பக்கமும் கால்களுக்கு அண்டை கொடுத்த புத்தகங்களை மெல்ல விலக்குங்கள். கால் வெளியே நகரும், உச்சியில் கீழ்ப்பக்கம் விரியும், வளைவு விழும். வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பதின்மூன்று கண் பாலத்தின் நடுத்தூண்களில் இரு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று தள்ளிச் சமமாகிவிடுகிறது. அந்த உதவி இல்லாதவை இரண்டு கடைசிக் கரைத்தாங்கிகள்தான். அவற்றின் பருமனைத் தூணின் பருமனோடு ஒப்பிட்டு வரையச் சொல்லுங்கள்.

தூக்குப்பாலத்தின் சங்கிலியை எப்படி வளைத்து வரைவது?

சாலைத்தளத்தின் எடை சீராகத் தொங்கும்போது சங்கிலி எடுப்பது பரவளைவு. இரு கோபுரத்துக்கும் நடுவே 60 செ.மீ., நடுவில் தொய்வு 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கால் தூரத்தில் (15 செ.மீ.) சங்கிலி கோபுர உச்சியிலிருந்து 4.5 செ.மீ. கீழே இருக்கும். தொய்வில் முக்கால் பங்கு கால் தூரத்திலேயே இறங்கிவிடுகிறது. இந்த ஒரு புள்ளியைச் சரியாக வைத்தால் 'வி' வடிவம் வராது.

விசையையும் சொல்லிவிடுங்கள், 12 வயதுக்கு மேல் புரியும். கிடைமட்ட இழுப்பு = மொத்த எடை × நீளம் ÷ (8 × தொய்வு). மாதிரியில் தளத்தின் எடை 500 கிராம் என்றால் 500 × 60 ÷ 48 = 625 கிராம். தொங்கும் எடையைவிட இழுப்பு அதிகம்! தொய்வை 12 செ.மீ. ஆக்கினால் இழுப்பு பாதியாகும், ஆனால் கோபுரம் உயர வேண்டும். இந்த இழுப்பைக் கரையில் பிடித்து வைப்பது யார்? புனலூரில் சங்கிலியின் நுனிகள் இரு கரையிலும் கிணறுபோன்ற குழிகளுக்குள் இறங்கிப் பிணைந்திருக்கின்றன. பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் கோபுரத்தோடு திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளை அந்தப் பின்பக்கத்துக்கும் கூட்டிப்போங்கள். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் சாக்கால் குறியிடுவது கூடாது.

ஆறு யானைகளை நடக்கவிட்டுப் பார்த்தார்களாமே?

புனலூரில் சொல்லப்படும் கதை அது. பொறியாளர் குடும்பத்தோடு பாலத்துக்கு அடியில் படகில் இருந்தார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். உண்மையோ கதையோ, கணக்குக்கு நல்லது. யானை ஒன்றுக்கு 4 டன் வைத்தால் ஆறுக்கு 24 டன். இப்போது 2 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் உள்ள நடைபாலத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து பேர், ஆளுக்கு 60 கிலோ என்று நெருக்கி நிறுத்துங்கள்: 80 × 300 = 24,000 கிலோ. அதுவும் 24 டன்தான். திருவிழாக் கூட்டம் யானைக்குச் சளைத்ததல்ல. நடைபாலங்களைச் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைப்பதும் இதனால்தான்.

தொட்டிப்பாலத்தில் வண்டியே போவதில்லையே, ஏன் அவ்வளவு பெரிய தூண்?

தண்ணீரின் எடையைப் பிள்ளைகள் குறைத்தே மதிப்பார்கள். தொட்டியின் அகலம் ஏறத்தாழ 2.3 மீட்டர். அதில் 1.5 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.45 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 3½ டன். சின்னக் கார் ஒன்று 1 டன், 4 மீட்டர் நீளம். மீட்டருக்குக் கால் டன். கார்கள் முட்டி முட்டி நின்றாலும் தண்ணீர் அதைப்போல 14 மடங்கு. காலி வாளியையும் நிறைந்த வாளியையும் தூக்கவைத்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். நீர் பக்கச்சுவரையும் தள்ளும், ஆழத்தில்தான் அதிகமாகத் தள்ளும். தொட்டியின் குறுக்கு வெட்டுப் படத்தில் அம்புக்குறிகளைக் கீழே போகப்போக நீளமாக வரைய வேண்டும்.

பாலம் வலுவாகத்தான் இருக்கும், வெள்ளத்தில் எப்படி விழுகிறது?

பெரும்பாலும் பாலம் உடைவதில்லை, காலடி மண் போகிறது. பழைய தட்டு ஒன்றில் 5 செ.மீ. ஆழத்துக்கு ஆற்று மணல் பரப்பி நனைத்து, ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்கள். நடுவில் ஒரு மருந்துப் பாட்டிலை மணலுக்குள் 2 செ.மீ. புதைத்து நிறுத்துங்கள். மேல்முனையிலிருந்து குவளையால் சீராக நீர் ஊற்றினால், பாட்டிலின் முன்பக்கமும் இரு பக்கமும் மணல் குழியும். பின்பக்கம் மேடு கட்டும். எல்லாரும் பின்பக்கம்தான் குழியும் என்று பந்தயம் கட்டுவார்கள். தூணில் மோதும் நீர் கீழே இறங்கிச் சுழன்று மண்ணை வாரிப் போகிறது. தூணின் முகத்தைக் கூராகவோ உருண்டையாகவோ கட்டுவது இதைக் குறைக்கத்தான். ஆற்றில் நீர் வடிந்ததும் குழி மறுபடி மணலால் நிரம்பிவிடும், அதனால் வெள்ளத்துக்குப் பிறகு மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். ஆழமான கிணற்று அடித்தளம் போடுவதற்கும், பாலத்துக்குப் பக்கத்தில் மணல் அள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

சாலையில் குறுக்கே ஒரு பிளவு இருக்கிறது, வண்டி போனால் 'தடக்' என்கிறது. விரிசலா?

இல்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளி. 20 மீட்டர் எஃகு உத்திரம் வெப்பம் 30 பாகை ஏறினால் 7 மி.மீ. நீளும். இடமில்லாவிட்டால் தூணைத் தள்ளும். அதில் கல், மண் அடைந்தால் பயனில்லாமல் போய்விடும்.

ரயில் பாலத்தின் மேலே ஏறி அளக்கலாமா?

கூடவே கூடாது. தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். பாதை அகலப்படுத்தப்பட்டு 2018 முதல் முழுப் பாதையிலும் வண்டிகள் ஓடுகின்றன. பதின்மூன்று கண் பாலம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்பதால் கீழிருந்து நன்றாக வரையலாம். சாலை குறுகல், வளைவு அதிகம். பிள்ளைகளைச் சாலை விளிம்பில் உட்கார வைக்காதீர்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம்.

தூரப்பார்வையில் தூண்கள் நெருங்கிக்கொண்டே போவதை எப்படிச் சரியாகக் காட்டுவது?

முதல் இரண்டு தூணைக் கண்ணளவில் போடுங்கள். தூண் உச்சிகளை இணைக்கும் கோடும் அடிகளை இணைக்கும் கோடும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண். அப்படியே தொடரலாம். தரை மேடுபள்ளமான இடத்தில் முதலில் எல்லாத் தூணும் சம உயரம் என்று பாவித்து இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அடியை நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

எந்த வயதுக்கு எது?

8 வயது வரை தென்னந்தடி, கலுங்கு, ஸ்பாஞ்சு. 9 முதல் 11 வரை அளப்பதும் முகப்புப் படமும், கல் வளைவும். அளவுத்திட்டமும் விசைக் கணக்கும் 12-க்கு மேல். புனலூர், ஆரியங்காவுப் பக்கம் பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் படத்தின் பெயர்களை இரு மொழியிலும் எழுதட்டும்.

பிள்ளை வரைந்த படத்தில் நிஜமான விரிசல் ஒன்று தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் அது எங்கே என்று பாருங்கள். பூச்சில் வலைபோல ஓடும் மயிர்க்கோடுகள் பெரிய விஷயமில்லை. உத்திரத்தின் நடுவில் கீழிருந்து மேலே ஏறும் விரிசல், தாங்கிக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசல், துருக்கறையோடு சிமெண்ட் உரிந்து கம்பி தெரிவது, இவை சொல்லப்பட வேண்டியவை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, விரிசலின் இரு நுனியும் தூணிலிருந்து எத்தனை செ.மீ. என்று தேதியோடு தாளில் குறியுங்கள். அதை ஊராட்சியிடமோ, சாலை யாருடையதோ அந்த நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திடமோ எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து, நுனி நகர்ந்திருந்தால் இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். கையாலோ குச்சியாலோ நோண்டிப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.